கை வைப்பதற்கு முன்

அன்புத் தம்பி கதிருக்கு,

ஜாங்கோவுக்கான பில்லிங் பிளக்-இன்னை மாற்றும் வேலையை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று அறிந்து ரொம்ப சந்தோஷம். ஒரு வரியைத் தொடுவதற்கு முன்னால் ரெப்போவை ஃபோர்க் பண்ணி, அதோடு வந்திருக்கும் டெஸ்ட்களை உன் மெஷினில் ஓட்டிப் பார். எல்லாம் பாஸ் ஆன பிறகு கை வை. இல்லையென்றால் நாளைக்கு ஏதாவது உடையும்போது, அது உன் மாற்றத்தால் உடைந்ததா, முன்பே உடைந்து கிடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து, நீ மாற்றப்போகிற இடத்துக்கு முதலில் டெஸ்ட் எழுது. 99.50 ரூபாய் பில்லை எடுத்துக்கொள். 18 சதவீத ஜிஎஸ்டி 17.91. அதையே மத்திய, மாநில வரி எனத் தலா 9 சதவீதமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ரவுண்ட் பண்ணினால் 8.96 வீதம் 17.92. அந்த ஒரு பைசாவைக் கண்ணால் பிடிக்க முடியாது, டெஸ்ட்தான் பிடிக்கும். ஃபைலை சேவ் பண்ணியதும் டெஸ்ட் தானாக ஓடும்படி பைடெஸ்ட்-வாட்சரைப் போட்டுக்கொள்.

நீ சும்மா இருந்தாலும் ஜாங்கோ சும்மா இருக்காது. சுமார் எட்டு மாதத்துக்கு ஒரு புது வெர்ஷன் வருகிறது. பழைய யூஆர்எல் ஃபங்ஷனுக்கு 3.1-லேயே எச்சரிக்கை கொடுத்தார்கள். 2021 டிசம்பரில் வந்த 4.0-ல் எடுத்தே விட்டார்கள். எச்சரிக்கையைக் கவனிக்காத பிளக்-இன்கள் இம்போர்ட் வரியிலேயே விழுந்தன. அதனால் டெஸ்ட் ஓட்டும்போது இந்த எச்சரிக்கைகளையும் எரராகவே எடுக்கும்படி பைடெஸ்டிடம் சொல்லிவிடு.

உங்கள் ஆபீஸில் ஓடும் ஜாங்கோ வெர்ஷன், ஜாங்கோ 5.2, ஜாங்கோவின் மெயின் பிராஞ்ச் என மூன்றிலும் டெஸ்ட் ஓடும்படி டாக்ஸ் (tox) கருவியில் போடு. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஓடட்டும், இரவில் தானாகவும் ஒரு முறை ஓடட்டும். மெயின் பிராஞ்ச் ஃபெயில் ஆனால் மெர்ஜைத் தடுக்க வேண்டாம், உனக்குத் தெரிந்தால் போதும். பப்ளிக் ரெப்போவில் 60 நாள் எந்த அசைவும் இல்லாவிட்டால் கிட்ஹப் அந்த இரவு ரன்னை நிறுத்திவிடும், ஞாபகம் வைத்துக்கொள்.

மைக்ரேஷனில் ரொம்ப உஷாராக இரு. பிப் மூலம் இன்ஸ்டால் பண்ணிய பிளக்-இன்னில் நேரடியாக ஒரு ஃபீல்டைச் சேர்த்தால், மைக்ரேஷன் ஃபைலும் சைட்-பேக்கேஜஸுக்குள்தான் போய் உட்காரும். சர்வரில் புதிதாக இன்ஸ்டால் பண்ணும்போது அது இருக்காது. ஃபோர்க்கிலேயே மாற்று. மேக்மைக்ரேஷன்ஸ் கமாண்டின் செக் ஆப்ஷனையும் கிட்ஹப் ரன்னில் சேர்த்துவிடு. எழுத மறந்த மைக்ரேஷன் இருந்தால் அங்கேயே நிறுத்தும்.

எங்கேயாவது நின்றால் எரரை முழுசாக அனுப்பு, கடைசி வரியை மட்டும் வெட்டி அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீதான், ஸ்கிரீன் ஷேர் போட்டு உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா