பாரிமுனையில் ஒரு தட்டு அத்தோ

சென்னைக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் தி.நகரோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு மாலைப்பொழுது மிச்சமிருந்தால் பாரிமுனைப் பக்கம் போய் வாருங்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார். அதன் பின்பக்கம் செகண்ட் லைன் பீச் தெரு. பொழுது சாய்ந்ததும் அங்கே அத்தோ கடைகள் களைகட்டிவிடும்.

அத்தோவை நம்மூர் மீ கோரிங் போல வாணலியில் பிரட்டுவதில்லை. ஆரஞ்சு நிற மீ, மெலிதாக நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ என எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். நம் காசுக்கு ஐந்து வெள்ளிக்குள் வயிறு நிறைந்துவிடும்.

நான் சாப்பிட்ட கடையின் பெரியவர் ரங்கூனில் பிறந்தவர். 1962-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் அரசுடைமையாயின. கையிலிருந்த 50, 100 சாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. கடையும் காசும் போன தமிழர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். இவருக்கு அப்போது பத்து வயது.

"வீட்டில் அம்மா சமைத்ததா இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"எங்கம்மா? ரங்கூன்ல எங்க வீட்ல இட்லி, சாம்பார்தாம்மா. மொய்ங்கா தெருவுல வாங்கித் தின்றது. இங்க வந்த பிறகுதான் அம்மா வீட்லயே மொய்ங்கா வைக்க ஆரம்பிச்சாங்க."

அந்தப் பதிலைக் கேட்டு என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அங்கே இருந்தவரை தமிழ்நாட்டுச் சாப்பாடு. தமிழ்நாட்டுக்கு வந்த பிறகு பர்மாச் சாப்பாடு. அதுவும், விரட்டிவிட்ட ஊரின் சாப்பாடு! அங்கே 'கலா' என்று அழைக்கப்பட்டவர், இங்கே ஐம்பது வருடங்களுக்கு மேலாகியும் 'பர்மாக்காரர்'தான்.

பர்மாவில் மொய்ங்காவுக்குக் கெளுத்தி மீன்தான் உயிர். இவர் கடையில் மீன் கிடையாது, வாழைத்தண்டு மட்டும்தான். மீன் வாசனை இங்கே எல்லோருக்கும் ஒத்துவராதாம். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு மட்டும் மீன் போட்டு வைப்பேன். பேரப்பசங்க மூக்கைப் பொத்திக்குவாங்க. நானும் என் தங்கச்சியும் சாப்பிடுவோம்."

பினாங்கு அசாம் லக்சாவைப் பற்றிச் சொன்னேன். மீன், புளி என்றதும் முகம் மலர்ந்தது.

"வாழைத்தண்டு போடுவாங்களா?"

"இல்லை ஐயா. பூங்கா கந்தான் என்று ஒரு பூ போடுவோம்."

"தண்டு இல்லாம என்னம்மா சூப்பு?" என்றபடி என் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.