பின்னால் வருகிறவனுக்கு ஒரு வெளிச்சம்

அப்புவிடமிருந்து அப்பாவுக்கு வந்த ரலி சைக்கிள் எங்கள் அச்சுவேலி வீட்டு விறாந்தையில் சாத்தியிருக்கும். முழுக்கக் கறுப்பு. பின் மட்காட்டின் அடியில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைப் பூச்சு, அதற்கு மேலே சிவப்புக் கண்ணாடி. இரவில் சைக்கிளில் போகிறவர் பின்னால் வருகிறவருக்குத் தெரியவேண்டும் என்று பிரித்தானியாவில் 1930களில் வந்த விதியோடு பரவிய வழக்கம் அது. அங்கிருந்து கப்பலில் வந்த ரலியும் ஹம்பரும் அந்த வெள்ளையை எங்கள் ஒழுங்கைகளுக்கும் கொண்டுவந்து சேர்த்தன. சைக்கிளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசித் துடைக்கும்போது, “அந்த வெள்ளையில எண்ணெய் படவிடாத தம்பி, மங்கிப்போம்” என்பார் அப்பா.

விடியப்புறத்தில் அவர் கத்தரிக்காய்ச் சாக்கைக் கரியரில் கட்டிக்கொண்டு ஆவரங்கால், நீர்வேலி, கோப்பாய் கடந்து திருநெல்வேலிச் சந்தைக்குப் போவார். சாக்கு தொங்கினால் சிவப்புக் கண்ணாடி மறைந்துவிடும். அதனால் பழைய வேட்டித் துண்டு ஒன்றைச் சாக்கின் பின்பக்கத்தில் இறுக்கிக் கட்டுவது அம்மாவின் வேலை. கட்டி முடித்ததும் நாலு அடி பின்னால் போய் நின்று, தெரிகிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் அப்பா ஏறுவார்.

1990இல் சண்டை மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. ரோச் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. செத்த பற்றரியின் அடியில் ஓட்டை போட்டு உப்புத் தண்ணீர் விட்டு, வெயிலில் காயவைத்து, ஏதாவது உயிர் மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்போம். மண்ணெண்ணெய் பொன்விலை விற்றது. அந்தக் காலத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது சைக்கிள் டைனமோ. ரயரின் பக்கத்தில் உருளை உரசச் சுழலும் சின்னக் காந்தம் தருவது 6 வோல்ற், 3 வாற் மட்டும். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி நான் பெடல் மிதிக்க, அந்த மின்சாரத்தில் பெரியவர்கள் வானொலியைச் சுற்றியிருந்து பி.பி.சி. தமிழோசை கேட்பார்கள். இரவில் வெளியே போனால் அதே மின்சாரம் வீதிக்கு வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தின் குணங்களெல்லாம் எனக்குப் பாடம். மாரியில் ரயர் நனைந்தால் உருளை வழுக்கி லைற் விட்டுவிட்டு எரியும். சோளகக் காலத்தில் வல்லை வெளியால் வீடு திரும்பினால், எதிர்காற்றில் மிதி தளரத் தளர வெளிச்சமும் மங்கும். இறங்கி உருட்டினால் அணைந்தே போகும். அப்போது கண்ணுக்குத் துணை, நட்சத்திர வெளிச்சத்திலும் வெளுத்துத் தெரியும் மக்கி வீதி. வாய்க்குத் துணை பாட்டும் பெல்லும். எதிரே நிழல் அசைந்தால் “ஆரது?” என்ற குரலும் “வாறம் வாறம்” என்ற பதிலும்.

வானத்துக்கு மறைய வேண்டும், வீதிக்குத் தெரிய வேண்டும். குண்டுபோட வரும் பொம்மர் பயத்தில் ஊரே விளக்கை மறைத்தது. அப்பா முன் லைற்றின் கண்ணாடியில் மேல்பாதிக்குக் கறுப்புப் பெயின்ற் பூசினார், கீழ்ப்பாதியை விட்டுவிட்டார். முழுதாக அணைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். “எதிர வாறவன் என்ன பாவம் செய்தவன்?” என்றார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனத்தில் பெரும்பகுதி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தது. இராணுவம் முன்னேறியதால் நாங்கள் அதற்கு முன்னரே ஊரைவிட்டு நல்லூரில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தோம். மழை, இருட்டு, கால் வைக்க இடமில்லாத நெரிசல். எல்லாரும் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனதால் ஒரு டைனமோ லைற்றும் எரியவில்லை. அப்பா மூட்டைக்கு மேல் வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, “இதை விட்டுக் கண்ணை எடுக்காதேங்கோ” என்றார். தங்கச்சியும் நானும் அம்மாவும் அந்த வெள்ளையைப் பார்த்தபடியே நடந்தோம். எத்தனையோ குடும்பங்கள் பிரிந்து தேடிய அந்த இரவில் நாங்கள் ஒருவரையொருவர் தொலைக்காமல் பாலத்தைக் கடந்தோம்.

இன்று அச்சுவேலியில் மின்சாரம் உண்டு, வானத்துப் பயம் இல்லை, வீதியெல்லாம் காப்பெற். ஆனால் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றரைக் கடந்துவிடுகிறது. ரியூசன் முடிந்து பொழுதுபட்ட பின் வீடு திரும்பும் பிள்ளைகளின் சைக்கிள்களில் பலவற்றுக்கு முன்னால் லைற் இல்லை, பின்னால் சிவப்பும் இல்லை. தடையும் தட்டுப்பாடும் இருந்த காலத்தில் உப்புத் தண்ணீரும் வேட்டித் துண்டும் கொண்டு நாங்கள் செய்ததை, எல்லாம் கடையில் கிடைக்கும் காலத்தில் செய்யாமல் விடுவதற்கு நியாயமே இல்லை.

சிவப்பு ரிஃப்ளெக்டருக்குப் பற்றரி வேண்டாம். பட்ட ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும்படி அதன் கண்ணாடி வார்க்கப்பட்டிருக்கிறது; தூசி துடைத்தால் போதும். பெற்றோரே, பிள்ளைக்குப் புதுச் சைக்கிள் வாங்கும் அன்றே முன்னுக்கு ஒரு லைற்றும் பின்னுக்கு ஒரு சிவப்பும் பூட்டுங்கள். புத்தகப் பையின் முதுகில் ஒளி தெறிக்கும் பட்டி ஒன்றைத் தையுங்கள். பிள்ளை ஏறுவதற்கு முன் நாலு அடி பின்னால் போய் நின்று, தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.