வளவில் ஒரு திருமணம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது முதுமொழி. இவ்விரண்டும் வெவ்வேறு சுமைகள் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். மணம் நடத்துவதற்கென்றே வீடு கட்டிய மக்களும் உண்டு என்பதைக் காரைக்குடியில் நண்பர் ஒருவரின் மகள் திருமணத்தின்போதுதான் உணர்ந்தேன்.

நான் பிறந்த ஊர் பாலவனத்தம். 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட வள்ளல் பாண்டித்துரைத் தேவர் எங்கள் ஊர் ஜமீன்தார். ஊர்ப் பெயரைக் கேட்டால் தமிழறிந்தோர் நிமிர்ந்து பார்ப்பர். எங்கள் நிலமோ வானம் பார்த்த பூமி. எங்கள் வீட்டுத் திருமணங்கள் தெருவை அடைத்த பந்தலில் நடந்தன. என் தமக்கையின் மணநாளில் கோடைமழை கொட்டிப் பந்தி பாதியில் நின்றது. மழைக்கு ஏங்கும் ஊரில் அன்று ஒரு நாள் மட்டும் மழையை வைதோம்.

நண்பரின் வீடு, அவருடைய பாட்டனார் பர்மாவுக்குக் கொண்டுவிற்கச் சென்று ஈட்டிய பொருளில் எழுந்தது. தலைவாயிலில் நின்றால் பின்வாயில் வெளிச்சம் தெரியும். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என அடுத்தடுத்து விரியும் அமைப்பு. தேக்குத் தூண்களும், ஆத்தங்குடித் தளமும், முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணச் சுவர்களும் கண்ணைக் கவர்ந்தன. ஏனைய நாளில் வெறிச்சோடிக் கிடக்கும் அவ்வீட்டில், அன்று ஒரு மூலையும் வீணாகவில்லை. திண்ணையில் வரவேற்பு, முகப்பில் பெரியவர்கள், வளவில் திருப்பூட்டு, இரண்டாம் கட்டில் பந்தி. இரு வீட்டாரும் இசைகுடிமானம் எழுதிக்கொண்டனர். கட்டியவர்கள் எதை மனத்தில் வைத்துக் கட்டினர் என்பது அப்போது விளங்கிற்று.

ஆயினும் அத்திருமணம் எளிதில் கூடிவந்ததன்று. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபின் வருவாய் நின்றது. வீடு மட்டும் எஞ்சியது. இன்று அதற்குப் பங்காளிகள் பத்தொன்பது பேர். தூண்களுக்கும் நிலைகளுக்கும் வியாபாரி ஒருவர் விலை பேசிச் சென்றிருந்தார். "மண்டபம் பிடித்தால் ஒரே நாளில் முடிந்துவிடுமே" என்றனர் சுற்றத்தார். நண்பர் கேட்கவில்லை. பங்காளி ஒவ்வொருவரிடமும் சென்று இசைவு பெற்றார், ஓடு மாற்றினார், ஆறு மாதம் அலைந்தார்.

விற்றுவிட வேண்டுமென்று உறுதியாக நின்ற முதியவரும் வந்திருந்தார். வளவை ஒட்டிய தம் பங்கு அறையைத் திறந்து நெடுநேரம் உள்ளே நின்றார். வெளியே வந்து, "தம்பி, எங்க ஆத்தா இந்த அறையிலதான் என்னைப் பெத்தாக" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. விலைப்பேச்சு அன்று எழவில்லை.

விடைபெறும்போது நண்பரிடம் அவ்வீட்டைப் புகழ்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்கள் ஊர்ப் பந்தலைப் பிரிக்க யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லையே, ஐயா!" என்றார். அவர் சிரித்தாலும் அந்தச் சொல்லில் களைப்பு இருந்தது.

அவ்வீடு இன்னும் விற்கப்படவில்லை. காக்கப்பட்டுவிட்டது என்று சொல்லவும் துணிவில்லை. பத்தொன்பது பேரும் ஒருங்கே உண்டு எழ அங்கே மீண்டும் ஒரு திருமணம் வரவேண்டும். வரும் என்றே நம்புகிறேன்.