எந்தப் பேர் சொல்லி நிப்பாட்டுவாய்?

கலஹா, தெல்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்தின் நிறைக் கணக்கைப் போனில் பதியும் செயலிகளில்தான் என் கை பழகியது. மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் சிக்னல் இருக்காது. கணக்கப்பிள்ளை நிறையைப் பதிந்துகொண்டே போவார். லொறி ஸ்டோருக்குத் திரும்பும் வழியில் எங்காவது சிக்னல் விழுந்தால், பின்னணியில் ஓடும் வேலை எல்லாவற்றையும் சேர்வருக்கு அனுப்பிவிடும். இந்த வேலையை ஓடவைப்பதைப் பற்றி எழுத எனக்கு அதிகமில்லை, பின்னணி வேலைகளை வரிசைப்படுத்தும் ஆண்ட்ராய்டின் வொர்க்மேனேஜரில் சில வரிதான். நிறுத்துவதில்தான் கஷ்டம்.

எனக்குத் தொழில் பழக்கிய அண்ணன் கட்டுகஸ்தோட்டைக்காரர். புதிதாக ஒரு வேலையை எழுதிக் காட்டினால், அது என்ன செய்யும் என்று கேட்கமாட்டார். "தம்பி, இத எந்தப் பேர் சொல்லி நிப்பாட்டுவ?" என்பார். பேரில்லாமல் வரிசையில் போட்டால், செயலியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதே வேலை இன்னொன்றாகச் சேரும். அதனால் யூனிக் பேர் ஒன்று, யாருடைய கணக்கு என்று காட்டும் டேக் ஒன்று, இரண்டையும் வைத்த பிறகுதான் மற்ற வரிகளைப் படிப்பார். ஒட்டுமொத்தமாக எல்லாவற்றையும் ரத்துசெய்யும் கட்டளையை அவர் தொடவே விடமாட்டார். செயலிக்குள் இருக்கும் வேறு லைப்ரரியின் வேலையும் அதோடு போய்விடும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. சார்ஜ் என்பது அரிசி போல அளந்து செலவழிக்கும் பொருளான காலம். அப்போது ஒரு தோட்டத்துப் போன் மத்தியானத்துக்குள் செத்துவிடுகிறது என்று எங்களிடம் வந்தது. வேறு யாரோ எழுதிய செயலி. போனைக் கேபிளில் மாட்டி, வரிசையில் இருக்கும் வேலைகளைக் காட்டும் டம்ப்சிஸ் ஜாப்ஷெட்யூலர் கட்டளையைக் கொடுத்ததும் கதை வெளியே வந்தது. அந்தத் தோட்டத்தின் இரண்டு டிவிசனுக்கும் ஒரே போன். காலையில் ஒரு கணக்கப்பிள்ளை லாக்அவுட் பண்ணிப் போன பிறகும் அவருடைய வேலை உயிரோடு இருந்தது. அவருடைய டோக்கனை அழித்திருந்தார்கள், வேலையை ரத்துசெய்யவில்லை. சேர்வர் மறுக்க மறுக்க அது 'ரிட்ரை' சொல்லிக்கொண்டிருந்தது.

'ரிட்ரை'க்குப் பதில் 'ஃபெயிலியர்' என்று திருப்பினால் நின்றுவிடும் என்று பழகுபவர்கள் நினைப்பார்கள். ஒருதடவை வேலைக்கு அது சரி. 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்று போட்ட வேலை, தோற்றாலும் அடுத்த முறைக்கு எழுந்து வரும். ரத்துசெய்தால்தான் போகும்.

ரத்து என்பதும் ஒரு வேண்டுகோள்தான். சாதாரண வொர்க்கர் ஒன்று பாதி லூப்பில் இருந்தால், இஸ்ஸ்டாப்ட் என்று அதுவாகப் பார்த்தால் ஒழிய இழை ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்தச் சோதனையை எங்கே வைப்பது என்பதில்தான் கை தெரியும். நான் இரண்டு நிறைகளுக்கு நடுவில் வைப்பேன். ஒரு நிறை அனுப்பி, சேர்வர் ஏற்றுக்கொண்டதைக் குறித்து, பிறகு பார்ப்பேன். ஒவ்வொரு நிறைக்கும் தனி எண் இருப்பதால் இரண்டாம் முறை போனாலும் கணக்கு இரட்டிக்காது. அனுப்பாத நிறையை லாக்அவுட்டில் அழிக்கக் கூடாது. அது ஒரு அம்மா மழையில் நின்று பறித்த கிலோ. யார் லாக்அவுட் பண்ணினார் என்பது அவருக்கு எதற்கு?

குறித்த நேரத்துக்கு எழுப்பும் அலாம்மேனேஜரில் போட்ட பழைய வேலைகள் வேறு ரகம். போட்டபோது கொடுத்த அதே ரிக்வெஸ்ட் கோட், அதே ஆக்‌ஷனோடு பென்டிங்இன்டென்டைக் கட்டித்தான் ரத்துசெய்ய வேண்டும். இன்டென்டோடு வைத்த எக்ஸ்ட்ராவை ஆண்ட்ராய்டு ஒப்பிடாது. அலாமை ரத்துசெய்ததோடு பென்டிங்இன்டென்டையும் ரத்துசெய்து, நோ‑கிரியேட் கொடியோடு திரும்பக் கேட்பேன். ஒன்றுமில்லை என்று பதில் வந்தால் அடுத்த வேலைக்குப் போவேன்.

சோதிக்கும்போது போனை அணைத்துப் போட்டுப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ரீஸ்டார்ட்டில் அலாம்கள் எப்படியும் அழிந்துவிடும், உங்கள் பிழை தெரியாது. வொர்க்மேனேஜரின் வேலை தரவுத்தளத்தில் இருப்பதால் ரீஸ்டார்ட்டுக்கும் தப்பும். ஃபோர்ஸ் ஸ்டாப் பண்ணினாலும் செயலியைத் திறந்ததும் திரும்ப வரிசைக்கு வரும். லாக்அவுட் பண்ணுங்கள், டம்ப்சிஸைப் பாருங்கள், செயலியைத் திறந்து மூடுங்கள், 15 நிமிடம் கழித்துத் திரும்பவும் பாருங்கள்.