தலையிடி என்றால் சாட்டு இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ளவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

என் தரம் 8 வகுப்பில் ஒரு பிள்ளை. மாதத்தில் இரண்டு மூன்று தடவை மேசையில் தலையை வைத்துப் படுத்துவிடுவாள். கேட்டால், "தலையிடிக்குது டீச்சர்." ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கணக்குப் பாடத்துக்கு மட்டும் வாற தலையிடி" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் தலையிடி என்று சொல்லவேயில்லை.

சில வாரங்கள் கழித்து, கொப்பியைப் பார்த்தபடி, "எழுத்து தெரியுதில்ல டீச்சர், நெளிநெளியா வெளிச்சம் மட்டும் ஓடுது" என்றாள். அரை மணித்தியாலத்தில் வாந்தி. வெளிச்சம் தாங்காமல் ஷோலால் கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். அவளுடைய உம்மாவைக் கூப்பிட்டோம். "பீனிசம் எண்டு ஆவி புடிச்சம், ஓதியும் பார்த்தம் டீச்சர்" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டொக்டர் விசாரித்துப் பார்த்துவிட்டு, மைக்ரேன் என்றார்.

அதற்குப் பிறகுதான் நானும் தேடி வாசித்தேன். எல்லாத் தலையிடியும் ஒன்றல்ல.

மைக்ரேன்: விண் விண் என்று இடிக்கும். ஓங்காளம் வரும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. நடந்தால் கூடும். ஒற்றைத் தலையிடி என்று பெயர் இருந்தாலும் பிள்ளைகளுக்கு நெற்றி முழுக்க வலிக்கலாம். காலைச் சாப்பாட்டை விடுவதும் நித்திரை குறைவதும் அதைக் கிளப்பிவிடும். அந்தப் பிள்ளை பெரும்பாலும் வெறும் வயிற்றோடுதான் வந்திருக்கிறாள்.

இறுக்கத் தலையிடி: தலையைச் சுற்றிப் பட்டி கட்டி இறுக்கியது போல இரண்டு பக்கமும் வலிக்கும். வாந்தி இருக்காது. வேலையைச் செய்துகொண்டே சமாளிக்கலாம். பலருக்கும் வருவது இதுதான்.

கொத்துத் தலையிடி: ஒரு கண்ணைச் சுற்றித் தாங்க முடியாத வலி. அந்தக் கண்ணில் நீர் வடியும், மூக்கடைக்கும். மைக்ரேன்காரர் அசையாமல் படுப்பார். இவர் இருக்க முடியாமல் அங்குமிங்கும் நடப்பார்.

நோன்பின் முதல் நாட்களில் அஸர் நேரத்துத் தலையிடிக்குப் பல வேளை காரணம், விட்டுப்போன தேத்தண்ணியும் கோப்பியும்தான். நோன்புக்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் லேசு.

இன்னொன்று என் சொந்தக் கதை. கைப்பையில் எப்போதும் பெனடோல் கார்ட் இருக்கும். குறித்துப் பார்த்தால் மாதத்தில் 18 நாள் போட்டிருக்கிறேன். 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் இப்படிப் போட்டால், வலிக் குளிசையே தலையிடியை உண்டாக்கும் என்று டொக்டர் சொன்னார். நிறுத்திய முதல் வாரம் பெரும்பாடு. இப்போது அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் இவற்றை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்: இடி விழுந்த மாதிரி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், கை கால் சோர்தல், தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி, கர்ப்பிணிக்குப் பார்வை மங்கலோடு வரும் வலி. உடனே 1990 சுவசெரிய அம்பியுலன்ஸுக்கு அழையுங்கள். பிள்ளை விடியற்காலையில் வலியோடு எழும்பி வாந்தி எடுத்தாலும், 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தலையிடி தொடங்கினாலும் தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலித்தால் டெங்குவாக இருக்கலாம். அஸ்பிரின், ஐபூபுரூபன் கொடுக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளையிடம் அதே வகுப்பில், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல டீச்சர்" என்றாள். இப்போது கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தலையிடி வரும் நாளையும், அன்று என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்பதையும் எழுதுகிறாள். வரத் தொடங்கினால் என்னிடம் வந்து சொல்கிறாள்.

உங்கள் பிள்ளை தலையிடி என்று சொன்னால் ஏசுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த இடத்துல, எப்பிடி வலிக்குது மகள்?"

அல்லாஹ் எல்லோருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக.