'டிக்' சத்தம் கேட்டா போதுமா பாஸ்?

காலேஜுக்குக் கிளம்புற அவசரத்துல பைக்கை உதைச்சுக் கிளப்புறீங்களே... முன் வீல் எதை நம்பி ஃபோர்க்கோட நிக்குதுன்னு என்னைக்காவது குனிஞ்சு பார்த்திருக்கீங்களா? ஒரு ஆக்ஸில். அதோட நுனியில ஒரு நட். அவ்வளவுதான்!

நானும் பார்த்தது கிடையாது. பார்க்க வெச்சது எங்கப்பா.

நமக்கு ஊரு தூத்துக்குடி, முத்தையாபுரம். படிப்பு, மெக்கானிக்கல் மூணாவது வருஷம். அப்பாவுக்கு ஹார்பர் பக்கம் கன்டெய்னர் யார்டுல வேலை. போன டிசம்பர்ல அவர் பைக்குல முன் வீல் பஞ்சர். 'வீட்டுல இன்ஜினீயர் இருக்கும்போது மெக்கானிக் எதுக்கு?'னு நானே களத்துல இறங்கினேன். ஸீன் போடணும்ல... சீனியர்கிட்ட கெஞ்சி டார்க் ரெஞ்சும் வாங்கியாச்சு!

டார்க்னா முறுக்கு விசை (டீக்கடை முறுக்கு இல்லீங்க!). கால் மீட்டர் ஸ்பானரோட நுனியில 20 கிலோ எடையைத் தொங்கவிட்டா, கிட்டத்தட்ட 50 நியூட்டன் மீட்டர். அதே எடையை ஒரு மீட்டர் பைப் சொருகித் தொங்கவிட்டா 200! நம்ம ஆளுங்க பைப்பைச் சொருகி, மேல ஏறியும் நிப்பாங்க. மரை உருவிக்கும், பேரிங் படுத்துடும். இந்த அதிகப்படி முறுக்கைத் தடுக்கத்தான், 1918-ல நியூயார்க் தண்ணீர்த் துறையில வேலை பார்த்த கான்ராட் பார், சொன்ன அளவு வந்ததும் நிறுத்தச் சொல்ற ரெஞ்சை உருவாக்கினார்.

பைக்கோட புத்தகத்துல இருந்த நம்பரை வெச்சேன். முறுக்கினேன். 'டிக்'! "முடிஞ்சதுப்பா, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுங்க"ன்னு சாவியைக் கொடுத்தேன்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒருநாள், நைட் ஷிஃப்ட் முடிச்சு விடிகாலை நாலு மணிக்கு வரவேண்டிய அப்பா, ஆறரைக்கு வந்தார். பைக்கைத் தள்ளிக்கிட்டு! உப்பளத்துக்கு நடுவுல வர்றப்போ ஹேண்டில்பார் உதறியிருக்கு. பின்னாடி ஒரு உப்பு லாரி. எப்படியோ ஓரங்கட்டி நிறுத்திப் பார்த்தா, நட் கையாலயே சுத்துற அளவுக்கு லூஸ்.

அம்மாகிட்ட "பெட்ரோல் தீந்துபோச்சு"ன்னுட்டார். என்கிட்ட எதுவுமே சொல்லலை. திட்டியிருந்தாக்கூடத் தேவலை பாஸ்!

எனக்கு மண்டை குடைஞ்சுது. நம்பர் சரி, ரெஞ்ச் சரி, டிக் சரி. அப்புறம் என்ன தப்பு? நட்டை எடுத்துக்கிட்டு எங்க ஏரியா மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட ஓடினேன். அவர் வெளிச்சத்துல திருப்பிப் பார்த்துட்டுச் சிரிச்சார். "ஏல தம்பி, உள்ளே பாரு. மரை பூரா துரு. உப்புக் காத்துல நிக்கிற வண்டில இது. உன் ரெஞ்சு வீலை முறுக்கலை... துருவைத்தான் முறுக்கியிருக்கு!"

செமஸ்டர்ல எழுதி மார்க் வாங்கின பாடம் அப்பத்தான் புரிஞ்சுது. முறுக்கும்போது ஆக்ஸில் ஒரு ஸ்பிரிங் மாதிரி துளியூண்டு நீளும். அந்த இழுவைதான் வீலைக் கவ்விப் பிடிக்குது. ஆனா நாம கொடுக்கிற முறுக்குல தோராயமா பத்துல ஒரு பங்குதான் அந்த இழுவைக்குப் போகும். மிச்சமெல்லாம் மரையிலும் நட்டோட அடியிலும் உராய்வுக்கே சரியா போயிடும். துரு ஏறினா அந்த ஒரு பங்கும் தேயும். ரெஞ்சுக்கு இது தெரியாது. பாவம், அது 'டிக்'னு சொல்லிடும்!

சரின்னு எண்ணெயை ஊத்திடலாமான்னு கேட்டேன். "புத்தகத்துல சொல்லாம ஊத்தாதே"ன்னார். வழுக்கினா அதே நம்பர்ல இழுவை எகிறிடும். அதுவும் ஆபத்து.

அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தது இதுதான். வயர் பிரஷ்ஷால மரையைத் தேய்ச்சுத் துணியால துடைக்கணும். நட்டை வெறும் கையால கடைசி வரை சுத்திப் பார்க்கணும். நடுவுல இறுகினா ரெஞ்சைத் தொடவே கூடாது. மரை தேஞ்சிருந்தாலோ, லாக் நட் பிடி விட்டிருந்தாலோ புதுசு போட்டுடணும். லேசா முறுக்கி, வண்டியை ஸ்டாண்டுல இருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடிச்சபடி ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கணும். அப்புறம்தான் உங்க மாடலுக்கான நம்பர்ல 'டிக்'. ஃபோர்க் அடியில ஆக்ஸிலைக் கவ்வுற சின்ன போல்ட் இருந்தா, அதுக்குத் தனி நம்பர். கடைசியா சென்டர் ஸ்டாண்ட் போட்டு, வீலைச் சுத்தி, ஆட்டிப் பார்க்கணும். பிரேக் பிடிக்குதான்னும் பார்த்துடணும். நட்டுலேர்ந்து ஃபோர்க் வரை பெயின்ட்டுல ஒரு கோடு. நட் நகர்ந்தா கோடு உடைஞ்சு காட்டிக்கொடுத்துடும்.

கிளம்பும்போது அண்ணாச்சி சொன்னார்: "நம்மூர்ல முத்துக் குளிச்ச காலத்துல, கடல்ல இறங்குறவன் கயிறை மச்சான் கையிலதான் கொடுப்பானாம். தங்கச்சி தாலியை நினைச்சாவது ஒழுங்கா பிடிப்பான்ல! உங்கப்பா உன் கையில கயிறைக் கொடுத்திருக்காரு."

எங்க கடல்ல கடைசியா முத்துக் குளிச்சது 1961-ல. நான் அதைப் பார்த்ததில்லை. ஆனா கயிறுன்னா என்னன்னு அன்னிக்குப் புரிஞ்சுது.

அன்னிக்குச் சாயங்காலம் புது நட்டு, வெள்ளைக் கோடு எல்லாம் போட்டு முடிச்சேன். ஷிஃப்டுக்குக் கிளம்பின அப்பா, செல்போன் வெளிச்சத்துல குனிஞ்சு கோட்டைப் பார்த்தார். "முறுக்கிட்டியால?"

"முறுக்கிட்டேன்ப்பா. ஒரு ரவுண்டு நான் ஓட்டியும் பார்த்துட்டேன்."

வேற எதுவும் கேட்கலை. உதைச்சார், கிளம்பிட்டார். காலையில நாலேகாலுக்கு பைக் சத்தம் கேட்கிற வரைக்கும் நான் தூங்கலை.

நீங்களும் இன்னிக்குக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்களேன். அந்த வண்டியில நாளைக்கு யார் போகப்போறாங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்!