நரம்பு டாக்டர் வேற, ரத்தக்குழாய் டாக்டர் வேற

நம்ம டெல்டா பக்கத்துல காலில் நரம்பு சுருட்டிக்கிட்டவங்க தெருவுக்கு நாலு பேராவது இருப்பாங்க. நடவு, களைன்னு பொழுதுக்கும் சேத்துல நிக்கிற பொம்பளைங்க, டீக்கடை மாஸ்டர், முடி வெட்டுறவர், பஸ் கண்டக்டர்னு நின்னே பொழைக்கிற ஆளுங்க. பேருதான் தப்பு. அது நரம்பே இல்லை, ரத்தக்குழாய். ரெண்டையும் நரம்புன்னே சொல்லிப் பழகிட்டோம். அதனால 'நரம்பு டாக்டர்'னு போர்டு பார்த்து டோக்கன் போட்டு, மூணு மணி நேரம் உக்காந்துட்டு, "இது நான் பாக்குறது இல்லம்மா"ன்னு கேட்டு வந்தவங்க கதை எங்க தெருவிலேயே ரெண்டு இருக்கு. இதுக்குப் பார்க்க வேண்டியது ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை டாக்டரை. வாஸ்குலர் சர்ஜன்னு கேட்டாத்தான் ஆஸ்பத்திரியில புரியும்.

எங்க வீட்டுல அவளுக்கு இடது கால்ல இது பல வருஷமா இருக்கு. ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் புடைச்சது. சாயங்காலம் கால் கனக்கும், ராத்திரி கெண்டைச்சதை பிடிச்சு இழுக்கும். கணுக்காலுக்கு உள்பக்கம் தோல் கறுத்து அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. போன ஆடியில குறுவைக்குக் களை எடுக்கும்போது அந்தக் கறுத்த இடத்துல ஒரு சின்னக் கீறல். அது ஆறவே இல்லை. ஒரு ரூபாய் காசு அளவு இருந்தது, ஆவணி பொறக்கும்போது உள்ளங்கையில பாதி. சக்கரை பார்த்தோம், இல்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வச்சுப் பார்த்த அவளே, "என்னங்க, இது சாதாரணப் புண்ணு இல்ல, காலையே எடுத்துடுவாங்களோ"ன்னு ஒரு நாள் ராத்திரி அழுதுட்டா.

முதல்ல போனது ஒரு பெரிய கிளினிக். பேரு வேண்டாம். படுக்க வச்சு அஞ்சு நிமிஷம் ஸ்கேன் எடுத்தாங்க. டாக்டர் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனார். அப்புறம் பேசினதெல்லாம் ஒரு பொண்ணு, கையில கால்குலேட்டரோட. ரெண்டு காலுக்கும் லேசர் செய்யணும், 1,60,000 ரூபாய், இந்த வாரமே பணம் கட்டினா பத்தாயிரம் தள்ளுபடி. உரக்கடையில ஸ்டாக் தள்ளுறப்போ இப்படித்தான் பேசுவாங்க. யாரு லேசர் பண்ணுவாங்கன்னு கேட்டேன். "எங்க டீம் பண்ணும் சார்"னு பதில். டீமுக்குப் பேரு இருக்கும்ல? எந்திரிச்சு வந்துட்டோம்.

அக்கா மகன் திருச்சியில மருந்துக்கடை வச்சிருக்கான். அவன்தான், "மாமா, எம்.எஸ். முடிச்சிட்டு எம்.சிஎச். வாஸ்குலர்னு தனியா மூணு வருஷம் படிச்சிருப்பாங்க, அந்தப் பட்டத்தைப் பாருங்க. ஜெனரல் சர்ஜன்லயும் இதை நல்லா செய்றவங்க உண்டு, ஆனா புண்ணு வரைக்கும் போயிட்டதால இவங்ககிட்டயே போங்க"ன்னு சொன்னான். அப்படிப் போனவர்தான் ரெண்டாவது டாக்டர்.

அவர் உள்ளே போனதும் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை பாக்குறீங்கம்மா?" அப்புறம் ரெண்டு பாதத்து மேலேயும் விரலை வச்சு நாடி பார்த்தார். எதுக்குன்னு கேட்டேன். காலுக்கு ரத்தம் கொண்டு வர்ற குழாய் அடைச்சிருந்தா இறுக்கிக் கட்டு போடக் கூடாது, போட்டா காலுக்கே ஆபத்தாயிடும்னார். ஸ்கேனை நிக்க வச்சுதான் எடுத்தாங்க. நின்னாத்தானே ரத்தம் கீழே இறங்குதா இல்லையான்னு தெரியும்! ஆழத்துல இருக்கிற பெரிய குழாய்ல பழைய ரத்தக்கட்டி எதுவும் இல்லைன்னு பார்த்துக்கிட்டாங்க.

என்ன கோளாறுன்னு அவர் சொன்னதை நம்ம பாஷையில சொல்றேன். போர்செட்டுக்கு அடியில ஃபுட் வால்வு இருக்குல்ல, அது லீக் ஆனா பைப்புல ஏறின தண்ணி திரும்பக் கிணத்துக்கே இறங்கிடும். கால் குழாய்லயும் அப்படி வால்வு வரிசையா இருக்கு. நடக்கும்போது கெண்டைச்சதை அமுக்கி ரத்தத்தை மேலே தள்ளும், வால்வு அதைக் கீழே விடாம பிடிக்கும். வால்வு போச்சுன்னா ரத்தம் கணுக்கால்லயே தேங்கி நிக்கும். வடிகால் இல்லாத வயல் மாதிரி தோல் அழுகும். களிம்பு மட்டும் தடவினா புண்ணு ஆறாதது அதனாலதான்.

லேசர்ங்கிறது அந்தக் கெட்டுப்போன குழாய்க்குள்ள மெல்லிசா ஒரு நாரை விட்டுச் சூடு காட்டி மூடுறது. ரேடியோ அலையிலயும் இதையே செய்றாங்க. அந்தக் காலத்துல குழாயையே உருவி எடுப்பாங்க, இப்பவும் சில இடத்துல உண்டு. மூடிட்டா ரத்தம் எப்படிப் போகும்னு அவ கேட்டா. "ஆழத்துல நல்ல குழாய் இருக்கும்மா, அதுல போயிக்கும்"னார்.

எனக்கு அவர்மேல நம்பிக்கை வந்தது வலது காலைப் பத்தி அவர் பேசினப்போ. "வலது கால்ல லேசாத்தான் லீக் இருக்கு, தொந்தரவும் இல்லை, அதைத் தொட வேண்டாம்"னார். அடுத்த ஆள் எண்பதாயிரம் போட்ட காலை இவர் வேண்டாம்னு விட்டார். திரும்ப வருமான்னு கேட்டதுக்கும் மழுப்பலை. வேற குழாய்ல வரலாம், பார்த்துக்கிட்டே இருக்கணும்னார். புண்ணு ஆறட்டும்னு காத்திருக்கவும் வேண்டாம், கட்டும் போடுவோம், குழாயையும் மூடுவோம், அப்பத்தான் சீக்கிரம் ஆறும்னார்.

பணம் இல்லைன்னா வழியே இல்லைன்னு நினைக்காதீங்க. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில இதுக்குன்னே தனித்துறை இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வச்சிருக்கிறவங்க, அந்த ஆஸ்பத்திரியில அந்த சிகிச்சைக்கு அட்டை செல்லுமான்னு காப்பீட்டு மேஜையில முன்னாடியே கேட்டுக்கணும். மொத்தத் தொகையில ஸ்கேன், மருந்து, காலுறை எல்லாம் அடக்கமான்னும் கேளுங்க. நாங்க நகையை வச்சுத்தான் செஞ்சோம்.

புரட்டாசியில லேசர் ஆச்சு. மரத்துப்போற ஊசி மட்டும்தான், அன்னிக்கே நடக்க வச்சு மறுநாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கட்டிலுக்குக் கால்மாட்டுல ரெண்டு செங்கல் வச்சிருக்கோம். காலையில கட்டிலை விட்டு இறங்குறதுக்கு முன்னாடியே காலுறை மாட்டணும், அந்த இறுக்கமான காலுறையை ஏத்தி விடுறது என் வேலை, மூட்டை தூக்குறதை விடக் கஷ்டம். கார்த்திகைக்குள்ள புண்ணு மூடிடுச்சு. காலுறையோட சேத்துல இறங்க முடியாதுங்கிறதால சம்பா நடவுக்கு ஆள் விட்டோம். அவ வரப்புல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு, முடிச்சு நெருக்கமா விழுதுன்னு எல்லாரையும் அதட்டிக்கிட்டு இருந்தா.